பிழை எங்கே பிறந்தது?

(தென்காசியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மின்னணுச் சுற்றுப் பலகையில் வரும் சால்டரிங் பழுதுகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தமிழாசிரியர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். "இதில் நமக்கு என்ன வேலை?" என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பலகையில் பழுது தேடும் முறைக்கும், நாம் நோட்டுப் புத்தகம் திருத்தும் முறைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

முதலில் இந்தத் தலைப்பு ஏன் நம் மாவட்டத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நிறுத்தியது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான், ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் எனப் பெரிய ஆலைகள் நடக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பன்னிரண்டாம் வகுப்போ, ஐ.டி.ஐ.யோ, டிப்ளமோவோ முடித்துவிட்டுப் பெட்டியோடு ரயிலேறும் நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இயங்குவதால் மென்பொருள் என்றால் என்ன என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிகிறது. வன்பொருள் எப்படி உருவாகிறது என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்தான் பார்க்கிறார்கள்.

ஒட்டுவது அல்ல, பற்றுவது

ஈயம் பூசும் தொழிலாளி தெருவுக்கு வந்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்குவார். நவச்சாரப் பொடியைத் தூவித் தேய்ப்பார். புகை எழும்பும். அதன் பிறகுதான் வெள்ளீயத்தை வைப்பார். அது பாத்திரத்தின் உடம்பெல்லாம் பரவும். நவச்சாரம் இல்லாமல் வைத்தால் ஈயம் உருண்டு ஓடிவிடும். நகைப் பட்டறையில் வெங்காரம் செய்யும் வேலையும் இதுதான். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தை நீக்கினால்தான் உலோகத்தோடு உலோகம் பற்றும்.

சுற்றுப் பலகையிலும் இதே கதைதான். செம்புத் தகட்டின் மேல் ஈயக்கலவை உருகிப் பரவ வேண்டும். ஆக்சைடை நீக்கும் பொருளுக்கு ஃபிளக்ஸ் என்று பெயர். நாம் கடையில் வாங்கும் சால்டரிங் கம்பியின் நடுவிலேயே, பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து செய்த ஃபிளக்ஸ் இருக்கும். உருகிய வெள்ளீயம் செம்போடு சேர்ந்து மிக மெல்லிய புதிய உலோகச் சேர்ம அடுக்கு ஒன்றை உண்டாக்குகிறது. அந்த அடுக்குதான் பிடிப்பு. சால்டரிங்கைப் பசை போட்டு ஒட்டுவதாக நினைக்கும் பிள்ளை, கம்பியை உருக்கிச் சொட்டு விட்டால் போதும் என்று நினைக்கும். பற்றுவது என்று புரிந்துகொண்ட பிள்ளை, இணைப்பைச் சூடாக்கி அதன் மேல் கம்பியை வைக்கும்.

வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு கலந்தால் அந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். தனி வெள்ளீயத்துக்கு 232 டிகிரி, தனிக் காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரண்டையும்விடக் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. உலோகக் கலவை பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய பழுதுகள்

நல்ல இணைப்பு எப்படி இருக்கும்? உட்புறமாக வளைந்த சரிவோடு, கம்பியைச் சுற்றிச் சின்னக் கூடாரம் அடித்தது போல் இருக்கும். அதன் ஓரம் செம்பில் மெல்லியதாகப் போய் முடியும். உருண்டையாக, தாமரை இலைத் தண்ணீர் போல் நின்றால் அது பற்றவில்லை. காரணம் மூன்றில் ஒன்று: சூடு போதவில்லை, பரப்பு அழுக்காக இருந்தது, அல்லது ஃபிளக்ஸ் தீர்ந்துபோனது.

ஈயம் ஆறும்போது கம்பி ஆடியிருந்தால் மேற்பரப்பு சுருக்கம் விழுந்து, சொரசொரப்பாக இருக்கும். இன்று வேலை செய்யும்; நாளை அசைத்தால் நிற்கும். இரண்டு இணைப்புகளுக்கு நடுவே ஈயம் பாலம் கட்டியிருந்தால் குறுக்குச்சுற்று. சூட்டுக்கோலை அதிக நேரம் அழுத்தியிருந்தால் செம்புத் தகடு பலகையிலிருந்து பிரிந்து எழும்பும். "ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்" என்று வேறு பொருளில் சொல்வோம். இங்கே நேர்ப்பொருளிலேயே அது சரி. அதிக ஈயம் பழுதை மூடி மறைக்கும்.

ஓர் எச்சரிக்கை. "பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கலாக இருந்தால் கெட்டது" என்று பழைய கையேடுகளில் இருக்கும். காரீயம் கலந்த கம்பிக்கு அது பொருந்தும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் ஆலைகள் பெருமளவில் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த கலவைக்கு மாறின. 3 சதவீத வெள்ளி, 0.5 சதவீதச் செம்பு, மீதி வெள்ளீயம் என்பது பரவலாகப் பயன்படும் கலவை. அது 217 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். அதன் நல்ல இணைப்பே சற்று மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே பளபளப்பைப் பார்க்காமல், பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

ஆலையில் என்ன நடக்கிறது

ஆலையில் யாரும் ஒவ்வோர் இணைப்பாகக் கையால் வைத்துக்கொண்டிருப்பதில்லை. துளைகள் வெட்டிய மெல்லிய எஃகுத் தகட்டைப் பலகையின் மேல் வைப்பார்கள். அதற்கு ஸ்டென்சில் என்று பெயர். ஈயப் பொடியும் ஃபிளக்ஸும் குழைத்த பசையை அதன் மேல் இழுத்தால், நாம் அச்சு வைத்துக் கோலப்பொடி போடுவது போல, துளை இருக்கும் இடங்களில் மட்டும் பசை பதியும். அடுத்து ஓர் எந்திரம் உறுப்புகளை எடுத்து வைக்கும். அவற்றில் சில ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம்தான், கடுகைவிடச் சிறியவை. பிறகு பலகை ஒரு நீண்ட அடுப்புக்குள் மெல்ல நகரும். படிப்படியாகச் சூடேறி, ஈயம் உருகும் நிலையைத் தாண்டி, பிறகு ஆறி வெளியே வரும். முடிவில் கேமராவும் கண்களும் சோதிக்கும்.

பழுது கடைசியில் சோதனை மேசையில்தான் தெரிகிறது. ஆனால் அது அங்கே பிறப்பதில்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இதைத்தான்.

மூன்று பழுதுகளை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, நுண்ணிய உறுப்பு ஒன்று படுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனையில் எழுந்து நிற்கும். ஆலையில் இதை டூம்ஸ்டோன் என்பார்கள், கல்லறைக்கல் என்று பொருள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டியபோது "நடுகல்" என்றார்கள். அந்தப் பெயரே எங்களிடம் நிலைத்துவிட்டது. ஒரு முனையில் ஈயம் முதலில் உருகினால், அதன் பரப்பு இழுவிசை உறுப்பைத் தன் பக்கம் இழுத்துத் தூக்கிவிடும். எட்டாம் வகுப்பில் நடத்தும் பரப்பு இழுவிசைதான். காரணத்தைத் தேடினால் ஒரு பக்கம் பசை கூடுதலாகப் பதிந்திருக்கும், அல்லது செம்புத் தகடுகள் இரண்டும் சமமாக இல்லாததால் ஒன்று முந்திச் சூடாகியிருக்கும், அல்லது உறுப்பைக் கோணலாக வைத்திருக்கும் எந்திரம்.

இரண்டாவது, அடுப்பிலிருந்து வரும் பலகையில் சின்னச் சின்ன ஈய உருண்டைகள் சிதறிக் கிடக்கும். ஈயப் பசையைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்து அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பசையின் மேல் நீராகப் படியும். அந்த நீர் அடுப்பில் ஆவியாகி ஈயத்தைச் சிதறடிக்கும். சிதறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது, சிப் வெடிப்பது. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் புகுந்திருந்தால் அடுப்புச் சூட்டில் அது நீராவியாகி உள்ளே பிளந்துவிடும். சோளப்பொரி போல் வெடிப்பதால் ஆலையிலும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இதைத் தடுக்கச் சிப்புகளை ஈரம் புகாத பையில் அடைத்து அனுப்புவார்கள். ஈரத்துக்கு அஞ்சும் தன்மையில் மூன்றாம் நிலை எனக் குறித்த சிப்பை, பையைத் திறந்த 168 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அதுவும் 30 டிகிரி வெப்பத்துக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பையில் ஈரம் காட்டும் அட்டை ஒன்றும் இருக்கும். கோபால்ட் உப்பு தடவிய அட்டையில் நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள்.

குற்றாலத்தில் சாரல் காலம் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், சாக்பீஸ்கூட ஈரமாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரை வகுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் வெளியே முத்து முத்தாக நீர் கோக்கும். அந்த டம்ளரைக் காட்டி, "ஈயப் பசை டப்பாவை ஏன் உடனே திறக்கக் கூடாது?" என்று கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பதில் உடனே வரும். இதே சாரலில் பள்ளியின் சூட்டுக்கோல் முனையும் செம்புப் பலகையும் சீக்கிரம் கறுத்துப்போகும். வேலைக்கு முன் பலகையைத் தேய்த்துத் துடைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்காகத் தண்ணீர்த் தொட்டி அலாரம் செய்தார்கள். பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, மின்தடை ஒன்று, பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு கம்பிகள். தண்ணீர் கம்பிகளைத் தொட்டால் சத்தம் வர வேண்டும். நான்கு மேசைகளில், மேசைக்கு ஆறாக 24 அலாரங்கள். சோதித்தபோது 9 கத்தவில்லை.

"டீச்சர், எல்லாத்தையும் இன்னொரு தடவை சூடு காட்டிருவோமா?" என்றான் ஒருவன். அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சில வேளைகளில் சரியாகியும்விடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த 24-லும் 9 கத்தாது.

கரும்பலகையில் நான்கு மேசைகளை வரைந்தோம். கத்தாத ஒவ்வோர் அலாரத்துக்கும் அதன் மேசையில் ஒரு புள்ளி வைத்தோம். பழுது எந்த இடத்தில் என்று பார்த்துப் புள்ளியின் பக்கத்தில் எழுதினோம். ஐந்து புள்ளிகள் மூன்றாம் மேசையில் கூட்டமாக விழுந்தன. ஐந்திலும் டிரான்சிஸ்டர் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பெண் எழுந்து அந்த மேசையில் இருந்த படத்தை எடுத்து வந்தாள். மற்ற மூன்று மேசைப் படங்களும் டிரான்சிஸ்டரைத் தட்டையான முகத்திலிருந்து காட்டின. இந்தப் படம் மட்டும் ஒரு பழைய கையேட்டிலிருந்து நகலெடுத்தது. கால்களின் பக்கத்திலிருந்து, அதாவது கீழிருந்து பார்ப்பது போல் வரைந்திருந்தது. அப்படிக் குறிப்பிடவும் இல்லை. பிள்ளைகள் படத்தில் இருந்தபடி சரியாகத்தான் வைத்திருந்தார்கள். பிழை படத்தில் இருந்தது.

மீதி நான்கில் மூன்று வெவ்வேறு மேசைகளில் விழுந்தன. ஆனால் மூன்றும் பேட்டரி இணைப்பில்தான். அந்தத் தடித்த உலோக முனை சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. 25 வாட் சூட்டுக்கோலை மற்ற இடங்களில் வைத்த அதே நேரம் வைத்தால் போதாது. இன்னும் சில நொடிகள் வைத்ததும் பற்றிக்கொண்டது. கடைசி ஒன்றில் மட்டும் ஈயப் பாலம். அதுதான் உண்மையிலேயே கை தவறிய ஒரே பழுது.

ஒன்பது பழுதில் எட்டு, செய்த பிள்ளையின் கவனக்குறைவு அல்ல. புள்ளி வைத்து எண்ணாமல் இருந்திருந்தால், மூன்றாம் மேசைப் பிள்ளைகள்தான் கவனமில்லாதவர்கள் என்று அன்று முடிவாகியிருக்கும்.

ஆலையில் பொறியாளர்கள் கேட்பதும் இதே கேள்விகள்தான். பழுது ஒரு பலகையிலா, எல்லாப் பலகையிலுமா? எல்லாவற்றிலும் ஒரே இடத்திலா, ஆங்காங்கேயா? எப்போதிலிருந்து வருகிறது, அப்போது எது மாறியது? ஒரே இடம் என்றால் ஸ்டென்சில் துளையில் அடைப்பா என்று பார்ப்பார்கள். ஆங்காங்கே என்றால் பசையையும் அடுப்பையும் பார்ப்பார்கள். ஒரே வகை உறுப்பில் மட்டும் என்றால் அந்த உறுப்பு வந்த பெட்டியைப் பார்ப்பார்கள். மதியத்துக்கு மேல் மட்டும் என்றால் மதியம் எது மாறியது என்று கேட்பார்கள்.

இந்த மாவட்டத்தில் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சிலவற்றைக் கழித்துவிடுவது அவர்களுக்குத் தெரியும். வந்த இலை சரியில்லையா, சுற்றிய கை சரியில்லையா என்று கேட்கப்படுவதில்லை. கழிவு பெரும்பாலும் சுற்றியவர் கணக்கில்தான் ஏறும். அந்தப் பிள்ளைகள் நாளை ஆலையில் வரிசையில் நிற்கும்போது, "இந்தப் பழுது காலையிலிருந்து ஒரே இடத்தில் வருகிறது, ஸ்டென்சிலைப் பாருங்கள்" என்று கணக்கோடு சொல்லத் தெரிய வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த தொழிலாளிக்கு மதிப்பு உண்டு. பழி அவர் தலையில் எளிதில் விழாது. அந்தப் பழக்கத்தைக் கொடுக்கக்கூடிய இடம் நம் வகுப்பறை.

நோட்டுத் திருத்தும்போதும் அப்படியே. நாற்பது நோட்டில் முப்பதில் ஒரே பிழை இருந்தால், முப்பது பேரைத் தனித்தனியாகத் திருத்துவது முப்பது பலகைக்கும் சூடு காட்டுவது போல. நாம் நடத்திய விதத்திலோ, பாடநூலின் படத்திலோ, முந்தைய வகுப்பில் விட்டுப்போனதிலோ ஸ்டென்சில் அடைத்திருக்கிறது. ஆங்காங்கே வெவ்வேறு பிழை என்றால் அது தனித்தனிப் பிள்ளையின் தேவை. ல, ள, ழ எழுத்துப் பிழையானாலும் கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதானாலும், புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் இது பயன்படும்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சூட்டுக்கோல் முனை 300 டிகிரியைத் தாண்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம். அவர்களுக்குப் பேட்டரி, பல்பு, கம்பி போதும். ஒரு நேரத்தில் இரண்டு கோல்தான், அருகில் ஆசிரியர் இருக்க வேண்டும். தாங்கியும் கண்ணாடியும் கட்டாயம். எழும் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸின் புகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து, முகத்தை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும். காரீயம் கையில் ஒட்டும். வாய் வழியாகத்தான் அது நம்மிடம் அதிகம் ஆபத்தாக நுழையும். வேலை செய்யும் மேசையில் தின்பண்டம் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இயன்றால் காரீயமில்லாத கம்பியே வாங்குங்கள்.

பழைய பலகைகளை எரித்து உலோகம் எடுக்கும் வேலையைப் பிள்ளைகள் எங்காவது பார்த்துவிட்டுச் செய்ய முயன்றால் உடனே தடுங்கள். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கென 2022-ல் வெளியான விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அந்தக் கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

முதல் பாடத்துக்குச் சூட்டுக்கோலே வேண்டாம். வேலை செய்யாத நான்கைந்து டி.வி. ரிமோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று வோல்ட்தான், ஆபத்தில்லை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எல்.இ.டி. பல்பு, சார்ஜர் ஆகியவற்றைத் திறக்க விட வேண்டாம். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பேட்டரி ஸ்பிரிங் இணைந்திருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் அழுத்தம் வாங்கும் இடம் அது. பல ரிமோட்டுகளில் அங்கேதான் ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விட்டிருக்கும். எல்லா ரிமோட்டிலும் எந்த இடத்தில் பழுது என்று ஒரு தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் ஓரிடத்தில் கூடினால், ஏன் அங்கே என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள்.

அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வகுப்பு நேரம் முழுவதும் அவர்களைத் தேட விடுங்கள்.